பாட்டோடு போன குரல்

என் வீட்டுக்காரர் இறந்தது ஐப்பசியில். அவர் குரல் போனது அதற்குப் பிறகு, காரியமெல்லாம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில். முதலாவதற்கு இருதயம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். இரண்டாவதற்குக் காரணம் பாட்டு விற்கும் நாதலயம் கம்பெனி. டாக்டரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

என் பெயர் செண்பகா. தென்காசியிலிருந்து கடையம் வழியாக அம்பாசமுத்திரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். அந்த பஸ்ஸின் டிரைவர் கோமதிசங்கர்தான் என் வீட்டுக்காரர். யாரும் பார்த்து வைத்த மாப்பிள்ளை இல்லை. பின்படியில் நின்றபடி நானே பார்த்து வைத்துக்கொண்டது.

அன்று காலை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் போய், நானும் என் மகள் நறுமுகையும் மட்டும் மிச்சம். அவர் இல்லாத வீட்டை விட அவர் சத்தம் இல்லாத வீடுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

"ஏட்டி, அப்பாவைப் போடு" என்றேன்.

அவர் வேலையிலிருந்து நின்ற நாளில் பஸ் முதலாளி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பஸ்ஸுக்குள் இருந்த கேமராவில் பல வருஷமாகச் சேர்ந்து கிடந்ததிலிருந்து நல்ல நல்ல துண்டுகளாக எடுத்து எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். மாலை மரியாதையைவிட அதுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. அதுபோக வீட்டில் எடுத்தவை, குற்றாலத்தில் எடுத்தவை, நறுமுகை பிறந்தநாளுக்கு எடுத்தவை என்று நிறைய உண்டு.

சுவரில் படம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பி யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறார். வாய் அசைகிறது, சத்தத்தைக் காணோம். சத்தம் கேட்கக் காதுக்குள் வைத்திருக்கும் செவிமணிதான் கழன்றுவிட்டதோ என்று அழுத்திப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாம் ஊமை. குற்றாலத்தில் அருவிச் சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் காதுக்குள் ஒரு பெண்பிள்ளை வந்தாள். சர்க்கரைப் பாகு மாதிரிக் குரல். "உரிமையாளர் திரு. கோமதிசங்கர் அவர்களின் மறைவுக்கு நாதலயம் குடும்பம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அன்னாரின் கேட்புரிமை நிறைவுற்றது."

"போடி" என்றேன். வேறென்ன சொல்ல?

நறுமுகை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "எம்மா, நான்தான் கெடுத்துட்டேன். இன்சூரன்சுக்கு அப்பா இறந்த சர்டிபிகேட்டை ஏத்துனேன்லா? எல்லாம் ஒரே நம்பர்ல கோத்துக் கெடக்கு. பாட்டுக் கம்பெனிக்கும் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா என்னட்டி? பாட்டு அப்பா காசு குடுத்து வாங்குனதுதான?"

"வாங்குனது பாட்டை இல்லம்மா. அப்பா காதுக்கு அந்தப் பாட்டைக் கேக்குற உரிமைய. அப்பா இருக்குற இடத்துல கூட இருக்குறவங்களும் கேக்கலாம். அப்பா இல்லைன்னா கிடையாது. அப்பா பால் வாங்கப் போனா அடுப்படில பாட்டு நின்னு போகும்லா, அதே கதைதான்."

அது எனக்கும் தெரியும். பாட்டு பாதியில் நின்றால் மனுசன் தெருமுனை தாண்டிவிட்டார் என்று அர்த்தம். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தோசைக்கல்லைப் போடுவேன். இருபது முப்பது வருஷம் அப்படித்தான் சமைத்திருக்கிறேன்.

"சரி, பாட்டை நிப்பாட்டட்டும். அவரு பேசுறதை எதுக்கு நிப்பாட்டுதான்?"

"பின்னால பாட்டு ஓடுதுல்லா? பாட்டு எதுல கலந்திருந்தாலும் மொத்தத்தையும் மூடிரும். பேச்சைத் தனியாப் பிரிச்சுக் குடுத்தா, அதை வச்சே பாட்டைப் பிரிச்சுத் திருடிருவானாம்."

"யாரு?"

"யாரோ."

"அந்த யாரோவைப் பிடிச்சு உள்ள போட வேண்டியதுதான? எங்க வீட்டுக்காரரை எதுக்குட்டி ஊமையாக்கணும்?"

நறுமுகை ஒவ்வொன்றாகத் தேடினாள். பாட்டு இல்லாமல் அவர் பேசிய ஒரு துண்டு, ஒரு தும்மல், ஏதாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அந்த மனுசன் பாட்டுப் போடாமல் பல்கூட விளக்கியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நறுமுகை எடுத்த கடைசிப் படத்தில்கூட என்னமோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அதிலும் தலைமாட்டில் பாட்டு ஓடியிருக்கிறது.

"அதே பாட்டை இப்ப உன் பேருல வாங்குட்டி. பணம் போனா போகுது."

"பழைய பாட்டையெல்லாம் விக்குறதை நிப்பாட்டிட்டாங்கம்மா. பழசு கிடைச்சா புதுசை யாரு வாங்குவா?"

எதிர்வீட்டு ரேஷ்மா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆறுதல் சொல்ல வந்தாள். அவள் புருஷன் வாழ்நாளில் காசு கொடுத்து ஒரு பாட்டு வாங்கினவன் இல்லை. பாட்டு என்றாலே தலைவலி என்பான். அவன் போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் குரல் முழுசாக இருக்கிறது. இருமல், ஏப்பம், குறட்டை எல்லாம் இருக்கிறது. தினமும் போட்டுக் கேட்கிறாளாம். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நல்லவளிடம் போய்ப் பொறாமைப்பட வைத்துவிட்டார்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

எங்கள் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளிடம் சத்தம் அந்தக் காலத்தில் காற்றில் வந்தது என்றால் சிரிக்கிறார்கள். உண்மையாகவே காற்றில்தான் வந்தது. பஸ்ஸுக்குள் ஆறு ஸ்பீக்கர். ஒரு பாட்டுப் போட்டால் அறுபது பேரும் அந்த ஒரே பாட்டைத்தான் கேட்டாக வேண்டும். பிடிக்காதவனும் கேட்பான். கேட்டுக் கேட்டு அவனுக்கும் பிடித்துப்போகும். ரோட்டோர வயலில் களை பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் காலியாகப் போகும். அதை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸுக்காக நின்றவர்கள் உண்டு. சில பேருக்கு நேரம் முக்கியமில்லை, டிரைவர் என்ன பாட்டு வைத்திருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

எல்லாம் அவர் கைக்காசு. முதலாளி டீசல் பஸ்ஸை விற்று கரண்டு பஸ் வாங்கிய காலத்திலேயே பாட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற ஒரே டிரைவர் இவர்தான். மற்றவர்கள் எங்கெங்கோ இருந்து இறக்கிப் போட்டார்கள். "பாடுனவன் வீட்டுலயும் அடுப்பு எரியணும்லா, ஏளா" என்பார். காலைக்கு ஒரு விதம், மத்தியான வெயிலுக்கு ஒரு விதம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் துள்ளலாக ஒன்று. மழை வந்தால் அதற்கென்று தனியாக நாலு பாட்டு. ஸ்டாப் வந்த பிறகும் பாட்டு முடியவில்லை என்றால் பிரேக்கை மெதுவாக அழுத்தி, பஸ்ஸை ஊர விட்டு, கடைசி வரி முடிந்த பிறகுதான் கதவைத் திறப்பார். இறங்குகிறவர்கள் ஒருத்தரும் முணுமுணுத்ததில்லை. ஆழ்வார்குறிச்சியில் இறங்க வேண்டிய ஒரு டீச்சர், பாட்டு நடுவில் இருக்கிறது என்று அடுத்த ஸ்டாப் வரைக்கும் வந்து, அங்கேயிருந்து திரும்பி நடந்து போவார். நான் அந்தத் தூரத்துக்கு டிக்கெட் கேட்டதில்லை.

என்னிடமும் அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்கு சீட்டு நான் டிக்கெட் போட்டுக்கொண்டு வரும்போது குறிப்பிட்ட ஒரு பாட்டு மட்டும் மறுபடி மறுபடி வரும். ஒரு நாள் வரவில்லை. "என்ன டிரைவரே, அந்தப் பாட்டு எங்க?" என்று கேட்டுவிட்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்கடுத்த தையில் கல்யாணம்.

பிறகு ஒவ்வொரு சட்டமாக வந்தது. வாங்கியவனும் அவன் கூட இருப்பவர்களும் மட்டும் கேட்கலாம், டிக்கெட் வாங்கி ஏறும் பஸ்ஸில் போடக் கூடாது என்றார்கள். ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். எல்லோர் காதிலும் செவிமணி வந்தது. கடைசி வருஷங்களில் பஸ்ஸுக்குள் அறுபது பேர் அறுபது பாட்டுக் கேட்டார்கள், அல்லது ஒன்றும் கேட்கவில்லை. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. வாசல் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கும். அவர் அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஓட்டவில்லை.

நாதலயத்தைக் கூப்பிட்டேன். இயந்திரம் பேசியது. இரங்கல் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி இரங்கல். "மனுசங்க யாராவது இருக்கீங்களாடே?" என்று கத்தினேன். தன் சேவை எப்படி இருந்தது என்று மதிப்பெண் போடச் சொன்னது. அதோடு வக்கீல் ஜெபக்குமாரிடம் போய்விட்டேன்.

ஜெபக்குமார் கல்லூரிக்கு எங்கள் பஸ்ஸில் போனவர். பெண்கள் பக்கம் வந்து நின்றதற்காக நான் அவரை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். இப்போது தலை நரைத்து, கறுப்புக் கோட்டோடு, "வாங்கக்கா, உக்காருங்க. நான் எந்தப் பக்கம் உக்காரட்டும்?" என்றார். அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நுகர்வோர் ஆணையத்துல போடலாம்க்கா. ஆனா அவன் ஒப்பந்தத்துல எல்லாம் இருக்கும். வாங்கும்போது ‘சம்மதம்’னு அமுக்கிருப்பாரு."

"அதை யாரு படிச்சா?"

"எழுதுனவனே படிச்சிருக்க மாட்டான். ஆனாலும் செல்லும்."

"அவரு குரலை ஒரு தடவை கேக்கணும் தம்பி. எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். மன்னிப்பு வேண்டாம். ஒரு தடவை."

ஜெபக்குமார் பேனாவை எடுத்தார். வழக்குப் போட்டார்.

விசாரணை நாளில் நாதலயத்துக்காகச் சென்னையிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். சின்ன வயது, நெற்றியில் குங்குமம், பேச்சு கண்ணாடி மாதிரி. ஆணையத்தின் தலைவியாக இருந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். என்னைக் கூண்டில் ஏற்றவில்லை. முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"மனுதாரரின் துக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்" என்று வக்கீலம்மா தொடங்கினார். "ஆனால் அவருடைய கணவர் வாங்கியது பொருள் அல்ல, அனுமதி. அனுமதி ஆளோடு போகும். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. அவர் இறந்த பிறகு அவர் லைசென்ஸை வைத்து இவர் பஸ் ஓட்ட முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஜெபக்குமார் கையைப் பிடித்து அமுக்கினார். நான் உதறிவிட்டு எழுந்துவிட்டேன்.

"எம்மா, நான் ஒன்னு கேக்கேன். உங்க கடையில பட்டன்ல என்ன போட்டிருக்கு? ‘வாங்கு’ன்னு போட்டிருக்கா, ‘வாடகைக்கு எடு’ன்னு போட்டிருக்கா?"

"வாங்கு என்றுதான்..."

"வாங்குனா அது எனக்கு. நான் செத்தா என் மகளுக்கு. ஒரு சட்டி வாங்குனாலும் அதுதான் வழக்கம். எழவு வீட்டுக்குள்ள வந்து சட்டியைத் தூக்கிட்டுப் போறவனுக்கு எங்க ஊர்ல வேற பேரு. நானும் டிக்கெட் குடுத்தவதான். எந்த ஊர்ல இறங்கணும்னு டிக்கெட்லயே அடிச்சுக் குடுப்பேன். கடையத்துக்கு டிக்கெட் குடுத்துட்டு நடுக்காட்டுல இறக்கிவிட்டா விடுவீகளா? செத்தா பாட்டு போயிரும்னு பட்டன்ல போட்டிருந்தா, அவரு பாட்டுப் போட்டுட்டு எங்கிட்ட பேசியிருக்கவே மாட்டாரு. நிப்பாட்டிட்டுப் பேசியிருப்பாரு. எனக்கு அவரு பேச்சு மிஞ்சியிருக்கும்."

கடைசியில் அழுதுவிட்டேன். அழக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். தலைவி அம்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வக்கீலம்மாவும் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் பாவம், சம்பளத்துக்கு வந்தவர்.

"இறந்தவர் பேரில் இருந்த எல்லாப் பாட்டும் இப்படியா?" என்று தலைவி அம்மா கேட்டார்.

வக்கீலம்மா தன் செவிமணியில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அவர் பேரில் இருந்தது எல்லாம் நிறைவுற்றது. ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. அதை அவர் வாங்கி வேறொரு பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். பரிசு வாங்கியவர் உயிரோடு இருப்பதால் அந்தப் பாட்டு இன்னும் நடப்பில் இருக்கிறது."

எனக்குக் காது அடைத்தது. பெண்ணா? எந்தப் பெண்? கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? எனக்கே ஒரு பாட்டும் பரிசாக வாங்கிக் கொடுத்ததில்லை அந்த மனுசன். வீட்டில் ஒருத்தர் வாங்கினால் போதாதா என்பார். இப்போது குரலும் இல்லை, கேட்டுச் சண்டை போட ஆளும் இல்லை. "பேரைச் சொல்லச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வக்கீலம்மா காதில் வந்ததை அப்படியே ஒப்பித்தார். "திருமதி இசக்கி அம்மன். வயது குறிப்பிடப்படவில்லை. முகவரி, ஆலமரத்தடி, கடையம் ரோடு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் மொத்த அறையும் சிரித்துவிட்டது. தலைவி அம்மா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. எங்கள் ரூட்டில் காலை முதல் நடையை எந்த டிரைவரும் சும்மா எடுக்க மாட்டார். கடையம் ரோட்டு இசக்கியம்மன் முன்னால் பஸ்ஸை ஓரம் கட்டி, அம்மனுக்கு ஒரு பாட்டு. பூசாரி வந்து கண்ணாடியில் குங்குமம் வைப்பார். நான் இறங்கி உண்டியலில் காசு போடுவேன். அதற்குப் பிறகுதான் மற்ற பாட்டெல்லாம். பாட்டு யார் பேரிலாவது இருக்க வேண்டும் என்று விதி வந்த சமயம் இவர் என்னிடம் சொன்னார்: "அம்மனுக்குப் போடுற பாட்டை என் பேருல வாங்குனா அது நான் கேக்குற பாட்டா ஆயிருதே, ஏளா. சாமி கழுத்து மாலையை நம்ம போட்டுக்கிட்ட மாதிரி. அவ பேருலயே வாங்கிட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் இதைச் சொன்னதும் வக்கீலம்மா சுதாரித்துக்கொண்டார். "அப்படியானால் அந்தப் பரிசே செல்லாது. பரிசு பெற்றவர் ஓர் ஆள் அல்ல."

ஜெபக்குமார் எழுந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை போகிற கோயில் வேறு. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சட்டப்படி அம்மன் ஓர் ஆள்தான் அம்மா. அவ பேருல நிலம் இருக்கு, பட்டா இருக்கு. கரண்டு பில் மாசாமாசம் அவ பேருக்குத்தான் வருது. அவ வழக்குப் போடலாம், அவ மேல வழக்குப் போடலாம். மைனர் பிள்ளை மாதிரி சட்டம் அவளைப் பாத்துக்கிடும். இவங்க கம்பெனி காசு வாங்கிட்டுத்தான் அவ பேருல பாட்டை வித்திருக்கு. இத்தனை வருசமா அவ உயிரோட இருக்கான்னு இவங்களே இப்ப ஒத்துக்கிட்டாங்க."

"கேட்புரிமை என்பது காது இருப்பவர்களுக்கு" என்றார் வக்கீலம்மா.

தலைவி அம்மா கைக்குட்டையை எடுத்தார். "அம்மனுக்குக் காது கேக்காதுன்னு உங்க கம்பெனி சார்பா எழுதித் தர்றீங்களா?"

வக்கீலம்மாவின் கை தன்னை அறியாமல் நெற்றிக் குங்குமத்துக்குப் போனது. "இல்லம்மா" என்றார் மெதுவாக. "அதை எழுதித் தர என்னால முடியாது."

தீர்ப்பு வந்தபோது முக்கால்வாசி எனக்கு எதிராகத்தான் இருந்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், சட்டம் மாறும்வரை ஆணையத்தால் ஒன்றும் செய்ய முடியாது, ‘வாங்கு’ என்ற சொல்லைக் கம்பெனி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். குற்றாலம் போயிற்று. பிறந்தநாள் போயிற்று. ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிவிட்டுச் சிரித்தார் என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை. என்னைப் பார்த்துப் போட்ட அந்தப் பாட்டும் போயிற்று. ஆனால் இசக்கியம்மன் பேரில் உள்ள பாட்டு இசக்கியம்மனுக்கே சொந்தம். அவள் இருக்கும் இடத்தில், அவளோடு இருப்பவர்கள் எல்லோரும் அதைக் கேட்கலாம். அந்தப் பாட்டு எந்தப் படத்தில் கலந்திருந்தாலும் அங்கே வைத்து அதைத் திறந்துவிட வேண்டும்.

நறுமுகை தேடி எடுத்தாள். முதலாளி கொடுத்ததில் முதல் நடைத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பாட்டு நீளம்.

இது வெளியே தெரிந்ததும் ஊரில் ஆளாளுக்கு இசக்கியம்மன் பேரில் பாட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மனுக்குக் காதல் பாட்டும் போயிற்று, குத்துப் பாட்டும் போயிற்று. மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து சேர்ந்து கேட்கிறார்கள் என்றார்கள். நாதலயம் விழித்துக்கொண்டு, வருகிற மாதத்திலிருந்து மனிதப் பிறவிகளுக்கு மட்டுமே பரிசளிக்கலாம் என்று விதியை மாற்றியது. மாற்றட்டும். முன்னால் கொடுத்ததைப் பிடுங்க முடியாதாம், ஜெபக்குமார் சொன்னார்.

நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை காலை. நான், நறுமுகை, ஜெபக்குமார் மூன்று பேர் மட்டும் சத்தமில்லாமல் போய்வரலாம் என்றுதான் திட்டம். போய் இறங்கினால் ஆலமரத்தடியில் கூட்டம். எல்லாம் எங்கள் பஸ் ஆட்கள். பால்கார அண்ணாச்சி கம்பு ஊன்றி நின்றார். கடையநல்லூரிலிருந்து வந்து போகும் துணிக்கடைக்கார பாய் வந்திருந்தார். ஆழ்வார்குறிச்சி டீச்சரை மகன் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் புருஷன் குரல், நான் வழக்காடி வாங்கியது, இவர்களுக்கு என்ன இங்கே?

"செண்பகாக்கா, நாங்களும் கேக்கலாம்லா?" என்றார் டீச்சர். எப்படி வேண்டாம் என்பது?

பூசாரி திரையை விலக்கினார். நறுமுகை படம் ஓடும் பலகையைப் பீடத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். அம்மனைப் பார்த்து, "உத்தரவு குடு தாயி" என்று பூசாரி சொன்னார். நறுமுகை தொட்டாள்.

பாட்டு வந்தது. எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் வந்தது. அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அத்தனை முகமும் ஒன்றாக நிமிர்ந்தது. எவ்வளவு காலம் ஆயிற்று அப்படிப் பார்த்து.

பிறகு அவர் பேசினார்.

"முன்னால நிக்குறவங்க உள்ள தள்ளி வாங்க. இடம் கெடக்குல்லா, உள்ள வாங்க. எண்ணே, பால் கேனைச் சீட்டுக்கு அடியில தள்ளுங்க, பிள்ளைக காலு இடிக்கும்."

மரத்தடியில் நின்ற கூட்டம் ஓரடி உள்ளே நகர்ந்தது. சத்தியமாக. பாய் நகர்ந்தார். ஜெபக்குமார் நகர்ந்தார். பால்கார அண்ணாச்சி கம்பைக் காலோடு ஒடுக்கிக்கொண்டார். தாங்கள் செய்ததைத் தாங்களே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

படத்தில் பஸ் இதே மரத்தடியில் நிற்கிறது. மரம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். இளைய பூசாரி ஒருவர் கண்ணாடியில் குங்குமம் வைக்கிறார். நான் ஏறி வருகிறேன். என்ன இளமை, என்ன அவசரம்! பையில் சில்லறையைக் கொட்டிக்கொண்டே வருகிறேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார். அப்படி ஒரு பார்வை. அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை. சில்லறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"செண்பகா, போலாமா?" என்கிறார்.

"போலாம் ரைட்!" என்று படத்திலிருந்தவள் சொன்னாள். பஸ் புறப்பட்டது. பாட்டு முடிந்தது. மரத்தில் குருவிச் சத்தம் மட்டும் மிச்சம்.

நறுமுகை என் முகத்தைப் பார்த்தாள். "இன்னொரு தடவை போடவாம்மா? எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம். அம்மன் பாட்டு, முடியவே முடியாது."

"போடு."

பாட்டு வந்தது. உள்ளே தள்ளி வாங்க என்றார், இந்தத் தடவையும் ரெண்டு பேர் நகர்ந்தார்கள். கும்பிட்டார். குங்குமம் வைத்தார்கள். அவள் சில்லறையோடு ஏறினாள். அவர் திரும்பினார்.

"செண்பகா, போலாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"செத்த நேரம் இருங்க" என்றேன்.